‘செயலாக்கத்தில் உள்ளது’ என்றால் பணம் யாரிடம் உள்ளது?

இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவைகளை நம்பலாமா, சிக்கல் வந்தால் வெளிப்படையாகப் பதில் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர் ஏற்கெனவே எங்கோ பணம் மாட்டிக்கொண்டு தவிப்பவராகத்தான் இருப்பார் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். போன சம்பாவில், அடியுரம் வாங்கக் கூட்டம் நெருக்கிய ஒரு காலையில், நெடுநாள் வாடிக்கையாளரான பெரியவர் ஒருவர் இரண்டு மூட்டை டிஏபி உரம் எடுத்தார். மூட்டை 1,350 வீதம் 2,700 ரூபாய். கைரேகை வைத்து இயந்திரத்தில் பில்லும் போட்டாகிவிட்டது. பிறகு ஸ்கேன் செய்து பணம் அனுப்பினார். அவர் கணக்கில் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. பணம் வந்தால் குரலில் அறிவிக்கும், என் மேசையிலிருந்த ஒலிப்பெட்டியோ வாய் திறக்கவில்லை. “எனக்குப் போயிடுச்சு தம்பி, உனக்கு வரலேன்னா நான் பொய் சொன்ன மாதிரில்ல ஆவுது” என்று நாலு பேர் முன்னால் அவர் கூசி நின்றதுதான் இன்றும் உறுத்துகிறது. மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, பற்று நோட்டில் தொகையை எழுதிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அடுத்த எட்டு நாளும் செயலியில் ஒரே வாசகம்: ‘செயலாக்கத்தில் உள்ளது’. பணம் அவர் வங்கியில் நிற்கிறதா, என் வங்கியிலா, இடையிலுள்ள நிறுவனத்திடமா என்பதற்கு ஒரு சொல் கிடையாது. உதவி எண்ணில் கூப்பிட்ட போதெல்லாம் புதிய புகார் எண் கொடுத்தார்கள். பழைய எண் என்னவாயிற்று என்றால் முடித்துவிட்டோம் என்றார்கள்.

ஆனால் விதி தெளிவாகவே இருக்கிறது. வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி வராத யுபிஐ பணம், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை, புகாருக்குக் காத்திராமலே கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர். அத்தனை முறை பேசிய உதவி மையத்தில் ஒருவர்கூட வாய்தவறியும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் பணம் பெரியவர் கணக்குக்கே திரும்பியது. அன்று மாலையே ரொக்கத்தோடு பேருந்தேறி வந்துவிட்டார். தாமதமான மூன்று நாளுக்குரிய 300 ரூபாய் மட்டும் வரவில்லை. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் அந்தச் சுற்றறிக்கையையும் குறிப்பிட்டு, முப்பது நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று அவர் பெயரில் வங்கிக்கு எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் வந்தது. நீங்களும் அந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இலவசச் சேவையில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் 2020 ஜனவரி முதல் கட்டணம் பிடிப்பதில்லை என்பது உண்மைதான். நானும் இதற்கு எதிரியல்லன், என் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அதில்தான் நடக்கிறது. ஆனால் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை பிடிக்கிறார்கள். அது கழியும்போது மட்டும் எந்தச் செயலாக்கமும் குறுக்கே வருவதில்லை.

மேலுரத்துக்கு யூரியா வாங்க வந்த பெரியவர், வேட்டி மடிப்பிலிருந்து ரொக்கத்தை எடுத்து எண்ணி வைத்தார். முந்நூறு ரூபாய் கிடைத்துவிட்டதே என்று நான் எவ்வளவு சொல்லியும் போனை வெளியே எடுக்கவில்லை.