வாசகர் கேள்வி: கோடையில் காய்கிற வில்லு ஈரநிலமா?

கேள்வி: எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு வில்லு இருக்கிறது. மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், ஆவணியில் மாடு மேயும். இப்போது ஓரத்தில் டிப்பர் டிப்பராகக் கிறவல் கொட்டுகிறார்கள். கேட்டால் கைபேசியில் மேப்பைக் காட்டி, "இதில எங்க தண்ணி இருக்கு, வெறுந்தரைதானே" என்கிறார்கள். வருசத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் இடம் ஈரநிலம் ஆகுமா?
– வாசகர், மூதூர்

பதில்: ஆகும். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் எழுதப்பட்ட ஈரநில உடன்படிக்கை, எப்போதும் நிற்கும் தண்ணீரையும் இடைக்காலத்தில் மட்டும் நிற்கும் தண்ணீரையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்கிறது. 1990இல் இலங்கையும் அதில் சேர்ந்தாயிற்று. மகாவலி பெருகிக் கரை தாண்டும்போது நிரம்புவது, கோடையில் வற்றுவது, இதுதானே வில்லு. வற்றிய தரையில் முளைக்கிற புல்லுக்குத்தான் உங்கள் ஊர் மாடும் போகிறது, ராவில் யானையும் வருகிறது.

சரி, மேப்பில் ஏன் இல்லை? படம் எடுத்த மாதம் எது என்று முதலில் கேளுங்கள். ஆடி, ஆவணியில் வானம் தெளிவாக இருப்பதால் செய்மதிப் படம் நன்றாக விழும், ஆனால் அப்போது வில்லில் தண்ணீர் இல்லை. மார்கழியில் தண்ணீர் இருக்கும், மேலே முகில் மூடிவிடும். முகிலை ஊடுருவிப் பார்க்கும் ராடார் செய்மதிகள் இருக்கின்றன, சென்டினல்-1 அப்படி ஒன்று, படமும் இலவசம். அப்புறம் அளவு. லேண்ட்சாட் செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 36 பேர்ச். அதைவிடச் சின்னக் குட்டை அதில் தெரியாமலே போகலாம். சென்டினல்-2 படத்தில் புள்ளி 4 பேர்ச்சுக்கு இறங்கிவிடுகிறது, ஆனாலும் பன் புல் அடர்ந்து வளர்ந்த இடத்தை மேலிருந்து பார்த்தால் பச்சை மட்டும்தான், கீழே நிற்கும் தண்ணீர் தெரியாது. ஆகவே மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று என்று பல வருசப் படங்களை அடுக்கிப் பார்த்து, பிறகு ஆள் நேரில் போய் நடந்து பார்த்தால்தான் வில்லின் உண்மையான எல்லை கிடைக்கும். ஒரே ஒரு நாள் படத்தை நீட்டுகிறவரிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எல்லையில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும், 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்த விதி இது. 4 ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட 10 ஏக்கர். யாராவது ஒரே தடவையில் 10 ஏக்கரை நிரப்புவார்களா? இந்த வருசம் அரை ஏக்கர், அடுத்த வருசம் இன்னொரு அரை ஏக்கர். முழு வில்லும் எவ்வளவு என்று கடதாசியில் பதிவாகியிருந்தால்தான் இந்தத் துண்டு வேலையைக் கூட்டிக் கணக்குக் காட்ட முடியும்.

நீங்கள் செய்யக்கூடியது: மாரியில் தண்ணீர் ஏறி நிற்கும் விளிம்பில், மருத மரங்கள் பன் கூட்டம் எல்லாம் தெரிகிற மாதிரி, இடக்குறியை ஓன் பண்ணிப் படம் எடுங்கள். கோடையில் அதே இடத்தில் இன்னொன்று. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குலப் படத்தாளில் (ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் வரைபடம்) அந்த இடத்தை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது எந்த ஃபைலிலும் ஏறாது. பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: கந்தளாய்க் குளம் மனிதர் கட்டியதுதானே? அதுவும் ஈரநிலக் கணக்கில் வருமா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: வரும். இயற்கையா செயற்கையா என்று ராம்சர் உடன்படிக்கை பிரிப்பதில்லை. புத்தளம் மாவட்டத்து ஆனைவிழுந்தான் குளங்களும் கட்டிய குளங்கள்தான், 2001இலேயே ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டன. பூந்தல, வில்பத்து, வங்காலை என்று நாட்டில் இப்படி ஆறு இடங்கள் உண்டு, திருகோணமலை மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. இத்தனை குளமும் களப்பும் வைத்துக்கொண்டு! ஆனால் பட்டியலில் இல்லை என்பதற்காகக் குளத்துக்குக் காவல் இல்லை என்று நினைக்க வேண்டாம். கந்தளாய் மாதிரிப் பெரிய குளத்தில் யாராவது எல்லை தள்ளினால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போங்கள், ஊர்ச் சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையத்துக்கு.