யுகுலேலே தனி வாசிப்புக்கு எந்தத் தாளை எடுப்பது? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் கிற்றாரும் யுகுலேலேயும் பழக்குகிறேன். பாட்டுக்குக் கோட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அடிப்பதைத் தாண்டி, மெட்டையும் பேஸையும் நாலு தந்தியிலேயே தனியாளாக வாசிக்கும் கடினமான துண்டுகளுக்கு இசைத் தாள் தேர்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி எந்தக் கடையில் வாத்தியம் மலிவு என்பது. அவற்றை விட்டுவிட்டேன்.

கிளிநொச்சி, உயர்தர மாணவர்: சேர், கோட் எல்லாம் ஓரளவு வரும். பாஹின் முதலாவது செலோ சூட் பிரிலூட்டை யுகுலேலேயில் வாசிக்க ஆசை. இணையத்தில் பல தாள்கள் இருக்கின்றன. 'நடுத்தரம்' என்று போட்டதை எடுக்கவா, 'உயர்நிலை' என்று போட்டதை எடுக்கவா?

தம்பி, அந்த இரண்டு சொல்லையும் மறந்துவிடுங்கள். அது விற்கிறவர் ஒட்டுகிற லேபல்.

ஒரு தாளைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது நாலாம் தந்தியை. கடையில் வாங்கும் யுகுலேலேயில் ஜி, சி, இ, ஏ என்ற வரிசையில் அந்த ஜி, பக்கத்துச் சியை விட உயரமாக ஒலிக்கும். இது ஹை-ஜி. அதைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் தந்தியைப் போட்டால் லோ-ஜி. தாளின் தலையில் எது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் ஐந்து கோட்டு நோட்டேஷனைப் பாருங்கள். கோடுகளுக்குக் கீழே ஒரு துண்டுக் கோடு போட்டு அதன்மேல் எழுதியிருப்பது மத்திய சி. ஹை-ஜி வாத்தியத்தில் அதற்குக் கீழே சுரமே கிடையாது. அதற்கும் கீழே ஒரு புள்ளி தொங்கினால் அது லோ-ஜி தாள்.

அடுத்தது, முதல் பக்கத்தைக் கண்டு மயங்காதீர்கள். முதல் எட்டுப் பார் (தாளக் கட்டம்) எல்லாத் தாளிலும் வடிவாகத்தான் இருக்கும். மாதிரிக்குக் காட்டுவதும் அதைத்தான். புள்ளிகள் கறுப்பாக நெருங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடி, அந்த ஒரு பாரை மட்டும் ஆறுதலாகப் பிடித்துப் பாருங்கள். வேகம் பிறகு வரும். விரல்கள் அந்த இடங்களுக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேருகின்றனவா என்பதுதான் கேள்வி. போய்ச் சேராவிட்டால் பிழை கையிலா தாளிலா என்று பாருங்கள். சிறிய அளவு யுகுலேலேயான சொப்ரானோவில் முதல் ஃப்ரெட்டின் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்) அகலம் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர், அதைவிடப் பெரிய டெனரில் 24. டெனர்காரர் எழுதிய தாளில் பத்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே மூன்று விரல் நெருக்கமாக வந்தால் சொப்ரானோவில் விரல் வைக்க இடம் இராது. சொப்ரானோ பலவற்றில் 12 ஃப்ரெட்டோடு முடிந்தும் விடும். தாள் 14 கேட்டால் என்ன செய்வீர்கள்?

உங்கள் பிரிலூட்டுக்கு இன்னொரு விசயம். செலோவில் அது இரண்டு ஸ்தாயிக்கும் மேலே விரிகிறது. ஹை-ஜி சொப்ரானோவில் மத்திய சியிலிருந்து 12ஆம் ஃப்ரெட் ஏ வரைதான் உண்டு, இரண்டு ஸ்தாயியே முழுதாக இல்லை. எனவே எந்தத் தாளானாலும் சில சுரங்களைக் கீழிருந்து மேலே மடித்துத்தான் எழுதியிருப்பார்கள். எங்கே மடித்தார்கள் என்பதில்தான் எழுதியவரின் கெட்டித்தனம் இருக்கிறது. மூலத்தை ஓடவிட்டுத் தாளைப் பின்தொடருங்கள். மெட்டு ஏறிக்கொண்டே போகிற இடத்தில் நடுவில் சட்டென்று விழுந்தால் அந்தத் தாள் வேண்டாம்.

இடக்கை விரல் எண்கள் போட்டிருந்தால் எழுதியவர் வாசித்துப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். மெட்டுக்குப் புள்ளியின் தண்டு மேலே, பேஸுக்குத் தண்டு கீழே என்று பிரித்திருந்தால் இன்னும் நல்லது. எல்லாத் தண்டும் ஒரே பக்கம், விரல் எண் ஒன்றும் இல்லை, திறந்த தந்தியிலிருந்து பதினோராம் ஃப்ரெட்டுக்கு ஒரு பாய்ச்சல் என்றால் அது மென்பொருள் துப்பிய தாள். காசு கொடுக்க வேண்டாம்.

மாங்குளம், தேவாலயப் பாடகர் குழு: கிற்றார் டேப் தாளை (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டுவது) யுகுலேலேயில் வாசிக்கலாமா?

கிற்றாரின் முதல் நாலு தந்திகளும் லோ-ஜி யுகுலேலேயும் ஒரே இடைவெளிகள்தான். பிடி மாறாது, ஒலி மட்டும் கிற்றாரில் ஐந்தாம் ஃப்ரெட்டில் கப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்தும் கவ்வி) போட்டதுபோல் உயரும். ஐந்தாம் ஆறாம் தந்தியில் பேஸ் ஓடும் துண்டென்றால் அது போய்விடும், மிச்சம் எலும்புக்கூடு. பரிடோன் யுகுலேலே என்றால் கிற்றாரின் அதே டி, ஜி, பி, இ. ஒலியும் மாறாது.

புதுக்குடியிருப்பு: நான் புதிதாகத் தொடங்குகிறேன், எந்தப் பாட்டு ஈஸி?

இது கடினமான துண்டுகளுக்கான இடம். கோட் மாற்றம் தடங்காமல் வந்தபின் வாருங்கள்.

பரந்தன், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, ஏன் இந்த ஹை-ஜியைத் தூக்கிப் பிடிக்கிறீர்? தனி வாசிப்புக்கு பேஸ் வேண்டும். ஹை-ஜி பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். எல்லாரையும் லோ-ஜிக்கு மாறச் சொல்லும், தாள் தேடும் பிரச்சினையே தீரும்.

ஐயா, தீராது. நாலு சுரத்தை எடுத்துப் பார்ப்போம்: ஜி, ஏ, பி, சி. ஹை-ஜித் தாளில் இதைப் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்: நாலாம் தந்தி திறந்து, முதலாம் தந்தி திறந்து, நாலாம் தந்தி நாலாம் ஃப்ரெட், முதலாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட். அடுத்தடுத்த சுரம் வெவ்வேறு தந்தியில் விழுவதால் முன்னையது அடங்கமுதல் பின்னையது எழும், வீட்டுக்குள் மணி அடித்ததுபோல் ஒன்றோடொன்று கலக்கும். இந்த முறைக்குக் கம்பனெல்லா என்று பெயர். பரோக் கிற்றார்காரர் செய்தது. யுகுலேலேயில் அமெரிக்கரான ஜோன் கிங் பாஹின் துண்டுகளை இப்படித்தான் எழுதினார். அதே எண்களை உங்கள் லோ-ஜியில் வாசியுங்கள். ஜியும் பியும் ஒரு ஸ்தாயி கீழே போய்விழும். ஏறவேண்டிய வரிசை மேலும் கீழும் துள்ளும்.

முல்லைத்தீவு, வாசிப்பவர்: அண்ணை, பரந்தன் ஐயாவுக்கு நல்லாகச் சொன்னீர்கள். லோ-ஜி போட்டால் அது சின்னக் கிற்றார், யுகுலேலே இல்லை. 1879இல் போர்த்துக்கேயத் தீவான மடெய்ராவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலில் போனவர்கள் கொண்டுவந்த ஒலி அது இல்லையே.

தங்கச்சி, அவசரப்படாதீர்கள், ஐயாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மெட்டு மத்திய சியிலும் டியிலும் தாழ்ந்து நடக்கும் துண்டை எடுங்கள். லோ-ஜியில் திறந்த நாலாம் தந்தி அதற்குக் கீழே பேஸாக நிற்கும். ஹை-ஜியில் அதே அடி மெட்டுக்கு மேலே போய் மெட்டை மூடிவிடும். கேட்பவர் அந்த ஜியைத்தான் பாட்டென்று நினைப்பார். கப்பல் கதை சரி, அந்தக் கப்பல் 1879 ஓகஸ்ட் 23 அன்று ஹொனலுலுவை அடைந்தது. ஆனால் கப்பலில் வந்தது யுகுலேலே இல்லை, அதன் மூதாதை. ஹவாயில்தான் அது யுகுலேலே ஆனது.

பரந்தன் ஐயா மறுபடியும்: அப்படியென்றால் இரண்டில் எது பழையது என்று சொல்லும்.

பழமையைக் கேட்டால் இரண்டு பேருக்கும் தோல்வி. 16ஆம் நூற்றாண்டில் நாலு சோடித் தந்தி கிற்றார் ஒன்று ஐரோப்பாவில் இருந்தது. யுகுலேலேயின் அதே இடைவெளிகள். ஸ்பெயினில் அலொன்சோ முதர்ரா 1546இலும், பாரிசில் அத்ரியன் லெ ருவா 1551 முதலும் அதற்குத் தாள் அச்சிட்டார்கள். அதில் நாலாவது சோடியில் பெரும்பாலும் ஒரு தந்தி கீழ் ஸ்தாயி, மற்றது மேல் ஸ்தாயி. ஹை-ஜியும் லோ-ஜியும் ஒன்றாகவே ஒலித்தன.

முல்லைத்தீவிலிருந்து மறுபடியும்: அப்படியென்றால் நீங்கள் எந்தப் பக்கம், அண்ணை?

தாளின் பக்கம். தாள் எதைக் கேட்கிறதோ அந்தத் தந்தியைப் போடுங்கள். இரண்டாவது வாத்தியம் வாங்க வசதியிருந்தால் ஒன்றில் ஒன்று. இந்தச் சண்டையை இதோடு விடுவோம். இன்னும் ஆறு பேர் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இதுதான் பதில்.

மல்லாவி: வெளிநாட்டு அட்டை இல்லை, காசு கட்ட வழியில்லை. இலவசமாகத் தாள் எடுக்கலாமா?

எடுக்கலாம், களவாக இல்லாமல். ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் காப்புரிமை முடிந்த தாள்கள் குவிந்து கிடக்கின்றன. இலங்கையின் 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. பாஹ் எப்போதோ தாண்டிவிட்டார். ஆனால் பாஹை யுகுலேலேக்கு இன்று எழுதியவரின் தாளுக்குத் தனி உரிமை இருக்கிறது. அதைப் போட்டோகொப்பி அடித்து வகுப்பு முழுக்கக் கொடுப்பது சரியில்லை. கனடாவிலோ பிரான்சிலோ சித்தப்பா இருந்தால் அவரிடம் சொல்லி ஒரு பிரதி வாங்கலாம்.

மேலே சொன்ன லெ ருவாவின் தாள்கள்தான் உங்களுக்கு என் சிபாரிசு. எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும். ஏ என்றால் திறந்த தந்தி, பி என்றால் முதல் ஃப்ரெட், சி இரண்டாவது. மேல் கோடுதான் முதலாம் தந்தி, நம் டேப்பைப் போலவே. கோட்டுக்கு மேலே இருக்கும் தண்டுகள் காலத்தைக் காட்டும், புள்ளிகள் இருக்காது. ஒரு மாலையில் வாசிக்கப் பழகிவிடும். அந்த வாத்தியத்துக்கென்றே எழுதியதால் விரல் போகாத இடம் அரிது. முதர்ராவின் தாளில் கோடுகள் தலைகீழ், அதைப் பிறகு பாருங்கள்.

ஒட்டுசுட்டான்: ஹை-ஜியா லோ-ஜியா?

மேலே வாசியுங்கள்.

வவுனியா, கர்நாடக சங்கீத ஆசிரியை: வர்ணம் ஒன்றை ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதி யுகுலேலேயில் பழக்கலாமா?

ரீச்சர், கமகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. நைலோன் தந்தியை இழுத்தால் சுரம் சிறிதளவே உயரும், ஒலியும் கெதியாக அடங்கும். வர்ணம் எலும்பாக வரும். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களை எடுங்களேன். மேலைநாட்டு மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் எழுதியவை, கமகம் தேவையில்லை. 'சக்தி ஸஹித கணபதிம்' உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வாயில் இருக்கும். ச-வைச் சியில் வைத்தால் திறந்த தந்திகள் உதவும். மந்திர பஞ்சமம் வரை இறங்கும் உருப்படி என்றால் ச-வை எஃபுக்கு ஏற்றுங்கள், அந்தப் பஞ்சமம் சரியாகத் திறந்த சியில் விழும். கீழே பேஸ் சேர்ப்பது உங்கள் வேலை. அதற்கு மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும், நோட்டேஷனும் டேப்பும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தரும்.

நெடுங்கேணி: டேப் மட்டும் இருந்தால் போதாதா?

எந்த ஃப்ரெட் என்று டேப் சொல்லும். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எது மெட்டு, எது நிரப்பு என்று வெறும் எண்ணிலிருந்து தெரியாது. கடினமான துண்டில் இரண்டும் உள்ள தாளை எடுங்கள்.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளர்: தங்கூசியை (மீன்பிடி இழையை) தந்தியாகப் போடலாமா?

சாதாரண நைலோன் தங்கூசி இழுபடும், சுருதி நிற்காது. ஃப்ளோரோகார்பன் தங்கூசி வேறு. பெட்டியில் விற்கும் யுகுலேலேத் தந்திகள் பலவும் அதே பொருள்தான். தடிப்பைப் பழைய தந்தியோடு ஒப்பிட்டு எடுங்கள். அப்புறம், வாத்தியத்தை வெயிலில் நிற்கும் ஓட்டோவிலோ பஸ்ஸின் எஞ்சின் பெட்டிமேலோ வைக்க வேண்டாம். பசை இளகிப் பிரிட்ஜ் கழன்றுவிடும்.

கனகராயன்குளம்: எந்தத் தாள் நல்லது, ஒரு பெயர் சொல்லுங்கள்.

உங்கள் வாத்தியத்தின் அளவும் தெரியாது, ஜியும் தெரியாது. ஜியைப் பாருங்கள், கறுத்த பாரைப் பிடித்துப் பாருங்கள், பிறகு காசு கொடுங்கள்.

மாங்குளம், வேறொருவர்: தாளை வாங்கியாகிவிட்டது. பிடித்த துண்டு. 17ஆம் பாரில் மட்டும் நாலு விரலும் எட்டவில்லை. விட்டுவிடவா?

விட வேண்டாம். மெட்டுச் சுரத்தையும் முதல் அடியின் பேஸையும் தொடாதீர்கள், மற்றதெல்லாம் பேரம் பேசலாம். நாலு சுரக் கோட் என்றால் நடுவில் இரட்டித்து வரும் சுரத்தை முதலில் கழற்றுங்கள். இ மேஜர் போன்ற பிடியில், நாலாம் மூன்றாம் இரண்டாம் தந்திகள் மூன்றும் நாலாம் ஃப்ரெட்டிலும் முதலாம் தந்தி இரண்டிலும் வரும்போது, பி இரண்டு தடவை ஒலிக்கிறது. ஹை-ஜியில் மெட்டு முதலாம் தந்தியில் இருந்தால் நாலாம் தந்தியை விடுங்கள், ஒருவருக்கும் தெரியாது. அதுவும் போதாவிட்டால் கோட்டை ஒரேயடியாக அடிக்காமல் கீழிருந்து மேலாக உருட்டுங்கள். விரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர அவகாசம் கிடைக்கும். துண்டு முழுக்க இ மேஜரிலேயே ஓடுகிறதென்றால் அதையே டியிலோ சியிலோ மாற்றி எழுதிய தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். கிற்றாருக்காக இயில் எழுதியதை அப்படியே இறக்கியிருப்பார்கள். மாற்றிய சுரங்களைப் பென்சிலால் தாளிலேயே குறியுங்கள், பேனாவால் அல்ல. கை பழகியபின் கழற்றிய சுரத்தைத் திரும்பப் போட மனம் வரும்.