கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயின் வரலாறு என்ன? யார் அந்தக் 'கரி'?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டோவில் ஏறி "ரேஸ் டிராக் போகணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு அண்ணன் என்னை ரேஸ்கோர்ஸில் இறக்கிவிட்டுப் போனார். அங்கே ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின, இப்போது சுகர்காரர்கள் நடக்கிறார்கள். நீங்கள் கேட்கும் டிராக் போத்தனூர் தாண்டி செட்டிபாளையத்தில் இருக்கிறது.

'கரி' என்பது டயர் தேய்ந்து ஒட்டும் கரி என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது எஸ். கரிவரதன் என்ற பெயரின் சுருக்கம். (கரி என்றால் யானை. கரிவரதன் என்பது கஜேந்திரன் என்ற யானையைக் காத்த பெருமாளின் பெயர்.) கோவைத் தொழிலதிபர், சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர்.

சோழவரம் சென்னைக்கு வடக்கே இருந்த உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1990இல் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வரும்வரை தென்னிந்தியாவில் ரேஸ் என்றால் பெரும்பாலும் அங்கேதான். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதி இருந்தவர்கள் அதில் வருவார்கள். மற்றவர்கள் வீட்டு ஃபியட் காரையும் ஹெரால்ட் காரையும் உருட்டித் தட்டிக் கொண்டுவருவார்கள். பணம் இல்லாதவனுக்குத் திறமை இருந்தாலும் தெரியப்போவதில்லை.

கரி செய்த பெரிய காரியம் இங்கேதான். அவரும் வசதியானவர்தான், ஆனால் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், உதிரிபாகமும் ஊரிலேயே கிடைக்கும். அதனால் யார் நன்றாக ஓட்டுகிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயனின் முதல் ரேஸே ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார்.

1995 ஆகஸ்டில் சிறு விமான விபத்தில் கரி இறந்துபோனார். செட்டிபாளையம் டிராக் திறந்தது 2003இல். அவர் பெயர் தாங்கிய டிராக்கில் அவர் ஒரு சுற்றுகூடப் போனதில்லை.

நீளம் 2.1 கிலோமீட்டர்தான். இருங்காட்டுக்கோட்டை 3.7. "கோகார்ட் டிராக் மாதிரி இருக்கு" என்று சென்னை நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். 1300 சிசி எஞ்சினோடு ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 மாதிரிச் சின்னக் கார்களுக்கு இது போதும் என்பது என் கட்சி. எல்ஜிபியும் கோவைக் கம்பெனிதான்.

கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டி 2017 முதல் இங்கே நடக்கிறது. எங்கள் அணியும் ஒரு வருடம் வந்தது. பிரேக் டெஸ்ட்டில் நாலு சக்கரமும் லாக் ஆக வேண்டும். எங்களுக்குப் பின்சக்கரம் லாக் ஆனது, முன்சக்கரம் உருண்டுகொண்டே போனது. பெடலுக்குப் புதிதாக ஒரு ராடு கடைய வேண்டியிருந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கோவை கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் பாதி இறக்கிய ஷட்டரைத் தட்டினோம். பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, கரி வண்டியாட்டம் ஒத்த சீட்டுங்களா?" என்றார். கடைந்து கொடுத்துவிட்டுக் கூலியும் வாங்கிக்கொண்டார், பாதிதான். மறுநாள் காலை நாலு சக்கரமும் நின்றன.