மூச்சு வாங்கும் உயரத்தில் மவுண்டன் பைக் பந்தயம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்காவின் கொலராடோவில் ஆகஸ்ட் மாதம் நடக்கிற லெட்வில் 100 மைல் மவுண்டன் பைக் பந்தயத்துக்குக் குலுக்கலில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. நம்ம ஊர் சானி2சி பைக் பந்தயம் முடித்திருக்கிறேன், உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இருப்பது கடலோரம். 3000 மீட்டர் உயரத்தில் என்ன ஆகும்? எத்தனை நாள் முன்னால் போக வேண்டும்?
- சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: வாழ்த்துகள் தம்பி. முதலில் ஒன்று, சானி2சியை வைத்து இதை அளக்காதீர்கள். சானி2சி டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் தொடங்கி மூன்று நாளில் கடலுக்கு இறங்கி வருவது, நாளுக்கு நாள் மூச்சுக்குச் சுகமாகிக்கொண்டே போகும். லெட்வில்லில் பந்தயம் தொடங்குகிற ஊரே ஏறத்தாழ 3100 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி, பாதி வழியில் கொலம்பைன் என்ற பழைய சுரங்கத்தின் பக்கம் கிட்டத்தட்ட 3800 மீட்டர் வரை ஏறி, வந்த வழியே திரும்ப வேண்டும். எல்லாம் ஒரே நாளில், 12 மணி நேரத்துக்குள்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லெட்வில்லில் அது நம்ம டர்பன் கடலோரத்தில் இருப்பதில் 70 சதவீதம், கொலம்பைன் உச்சியில் இன்னும் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிற ஆக்சிஜன் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து வந்தவருக்கு அந்த உயரத்தில் பலம் சுமாராக ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டர்பனில் ஒரு மணி நேரம் 240 வாட்ஸ் விடாமல் மிதிக்கிறவர் என்றால் அங்கே 190 பக்கம்தான் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இது உங்கள் பயிற்சியில் உள்ள குறை இல்லை, எல்லாருக்கும் நடப்பதுதான்.

நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்: அந்தப் பந்தயத்தில் கடலோரத்து ஆட்கள் விழுவது கொலம்பைனில் இல்லை, முதல் ஏற்றத்தில். காலை ஆறரைக்குக் குளிரில் விரல் விறைத்து நிற்கும்போது துப்பாக்கி வெடிக்கும், முதலில் தார் ரோட்டில் இறக்கம், கூட்டமே பறக்கும், நீங்களும் பறப்பீர்கள். அப்புறம் செயின்ட் கெவின்ஸ் ஏற்றம் வரும். முன்னால் போகிறவன் சக்கரத்தை விடக்கூடாது என்று அங்கே மூச்சிரைக்க மிதித்தால் காரியம் கெட்டது. டர்பனில் ஒரு மேட்டில் எல்லை தாண்டி மிதித்தால் அடுத்த சமதரையில் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடுவீர்கள், 3100 மீட்டரில் அது தெளிவதற்குள் அடுத்த ஏற்றம் வந்து நிற்கும். அதனால் முதல் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் நிறுத்தாமல் பேச முடிகிற வேகத்திலேயே போங்கள். நூறு பேர் தாண்டிப் போனாலும் போகட்டும். இதயத் துடிப்பு மீட்டரை நம்பி ஓட்டாதீர்கள், உயரத்தில் அதிகபட்சத் துடிப்பே கொஞ்சம் குறைந்துவிடும், உங்கள் பழைய கணக்கு அங்கே பொருந்தாது. மூச்சைக் கேளுங்கள்.

கொலம்பைன் ஏற்றம் மட்டும் உயரக் கணக்கில் சுமார் 1000 மீட்டர். கீழ்ப்பாதி மிதிக்கக்கூடிய மண் ரோடு, மேலே மரங்கள் முடிந்தபிறகு கல்லும் சரளையுமாக இருக்கும், பெரும்பாலானவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். எதிரே இறங்கி வருகிறவர்களுக்கும் அதே பாதைதான், ஓரமாகத் தள்ளுங்கள். தள்ளுவதில் வெட்கம் எதற்கு? ஷூவில் நடந்து பழகியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. இங்கேயே வாரம் ஒருமுறை செங்குத்தான மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள்.

எத்தனை நாள் முன்னால்? முடிந்தால் இரண்டு வாரம், அதற்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம்தான் லீவு என்றாலும் போகலாம், தலைவலியும் தூக்கமின்மையும் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும், மூச்சு விடும் ஆழமும் கூடிவிடும். புதிய சிவப்பணுக்கள் ஊறுவதற்கு மட்டும் வாரக்கணக்கில் ஆகும். பந்தயத்துக்கு முந்தின நாள் போய் இறங்கி, உடம்பு கெடுவதற்குள் ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்து மாநிலத்து ஆளுக்கு அது சரிப்படலாம். நமக்கு விமானத்தில் ஒரு நாளுக்கு மேல் போய்விடுகிறது, நேரமும் எட்டு மணி நேரம் பின்னால் போகிறது, அந்தக் களைப்போடு 12 மணி நேரப் பந்தயம் வேண்டாம். முதல் இரண்டு ராத்திரி 1600 மீட்டரில் இருக்கிற டென்வரில் தூங்கிவிட்டு அப்புறம் மேலே ஏறுங்கள். மேலே போன முதல் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் மெதுவாகச் சுற்றி வந்தால் போதும், மது கூடாது.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1982-இல் பக்கத்திலிருந்த கிளைமாக்ஸ் சுரங்கம் மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, ஊரை நிமிர்த்துவதற்காகச் சுரங்கத் தொழிலாளி கென் க்ளோபர் அடுத்த வருடமே 100 மைல் ஓட்டப் பந்தயம் ஆரம்பித்தார், சைக்கிள் பந்தயம் 1994-இல் வந்தது. 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பெல்ட்டுக்கு ஒரு வெள்ளி பக்கிள் தருவார்கள், 9 மணி நேரத்துக்குள் முடித்தால் பெரியது. கரும்புத் தோட்டத்துக்கு உழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளை ஒருவர் அந்தத் தெருவில் போய் நிற்கப் போகிறார் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் பக்கம் நாங்கள் இருப்பதே 1500 மீட்டருக்கு மேல். டர்பன்காரர்களைவிட எங்களுக்கு லாபம் உண்டுதானே?
- லெனேசியா வாசகர்

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்தாலும் 3000 மீட்டர் உங்களுக்கும் புதிதுதான், அங்கே தூங்கினால் உங்களுக்கும் தலை வலிக்கலாம். உங்களுடைய உண்மையான வசதி லெசோத்தோ காரில் போகிற தூரத்தில் இருப்பது. அந்த நாட்டில் மிகத் தாழ்வான இடமே 1400 மீட்டர், அஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையம் இருக்கிற பக்கம் 3000 மீட்டரைத் தாண்டிவிடும். நீண்ட வார இறுதியில் அங்கே இரண்டு ராத்திரி தங்கி ஓட்டிப் பாருங்கள். நம்ம நட்டால் பக்கத்து ஆட்கள் சானி பாஸ் போகலாம், உச்சி 2876 மீட்டர். தென்னாப்பிரிக்கச் சோதனைச் சாவடி கீழே, லெசோத்தோ சாவடி மேலே, பாஸ்போர்ட் இல்லாமல் போகாதீர்கள். இப்படி ஒரு வார இறுதியில் ரத்தம் மாறிவிடாது. ஆனால் அந்த மெல்லிய காற்றில் எந்த வேகம் தாங்கும், எதற்கு மேல் தாங்காது என்று உடம்பு தெரிந்துகொள்ளும், அதை வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

கேள்வி: முகத்தில் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்கிற உயர மாஸ்க் வாங்கலாமா?
- ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம். அது மூச்சை இழுப்பதைக் கஷ்டமாக்குகிறது, அவ்வளவுதான், மலைக் காற்றை உண்டாக்குவதில்லை. ஆக்சிஜனைக் குறைக்கும் தூக்கக் கூடாரம் வேறு விஷயம், அதற்குப் பலன் உண்டு, ஆனால் தினமும் பல மணி நேரம், வாரக்கணக்கில் அதற்குள் கிடக்க வேண்டும், வாடகையும் கைக்கு அடங்காது, புழுக்கத்தில் தூக்கமும் கெடும். அந்தப் பணத்தில் இன்னும் ஐந்து நாள் முன்னால் போய் அறை எடுத்துத் தங்குங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வரைக்கும் விரதமும் இருப்பேன். அண்ணனோடு நானும் ஆகஸ்ட் பந்தயத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். கொஞ்ச நாளாக ஏற்றத்தில் சீக்கிரம் சோர்ந்துபோகிறேன்.
- பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: தங்கச்சி, இந்த வாரமே டாக்டரிடம் போய் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்து வைத்திருக்கிற இரும்புச்சத்து, தரைதட்டிப் போயிருப்பது பெண்களுக்கு, அதுவும் ஓட்டம் சைக்கிள் என்று உழைக்கிற பெண்களுக்கு, ரொம்பச் சாதாரணம். மலைக்குப் போனதும் உடம்பு புதிய சிவப்பணு செய்யப் பார்க்கும், கையிருப்பில் இரும்பு இல்லை என்றால் எத்தனை நாள் மேலே தங்கினாலும் அந்தப் பலன் கிடைக்காது. குறைவாக இருந்து மாத்திரை ஆரம்பித்தாலும் நிலை உயர மாதங்கள் பிடிக்கும், அதனால்தான் இப்போதே என்கிறேன். பரிசோதனை இல்லாமல் நீங்களாக மாத்திரை போடாதீர்கள், இரும்பு கூடிப்போனாலும் கெடுதல்.

முருங்கைக்கீரை, பருப்பு, கேழ்வரகு எல்லாம் நல்லதுதான். கூடவே எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்பு உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் விடுங்கள், நம் வீடுகளில் அந்தப் பழக்கம் அதிகம், அது இரும்பைச் சேரவிடாது. விரதம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சைவமாக இருப்பது பந்தயத்துக்கு எந்தத் தடையும் இல்லை. வயிற்றைக் காயப்போடுகிற விரதம் மட்டும் மேலே போனபிறகு வேண்டாம், அங்கே பசியே சரியாக எடுக்காது, கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். கூழை ஊருக்குக் கிளம்புமுன் ஆடி முதல் வாரத்திலேயே ஊற்றிவிட முடியுமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பந்தயத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். பந்தயக்காரர்கள் உறிஞ்சுகிற மாவுச்சத்து ஜெல் பிடிக்காவிட்டால் உப்பு தூக்கலாகப் போட்ட எலுமிச்சைச் சாதத்தைச் சின்ன உருண்டையாகப் பிடித்து ஃபாயிலில் சுற்றி எடுத்துப் போங்கள், ஒரு வாய்க்கு ஒரு உருண்டை, ஆனால் இங்கே நீண்ட தூரம் ஓட்டும்போதே சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் போகிறான், துணைக்கு நானும் போகிறேன். எதைப் பார்த்தால் அவனை நிறுத்த வேண்டும்? டயாமாக்ஸ் மாத்திரை கொடுக்கலாமா?
- டோங்காட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. மேலே போன முதல் நாள் தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, தூக்கம் கலைவது எல்லாம் பலருக்கும் வரும். ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் ஓரிரு நாளில் குறைய வேண்டும். அது தீரும்வரை இன்னும் மேலே ஏறக்கூடாது. தூக்கத்தில் மூச்சு கொஞ்சம் நின்று நின்று வருவதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், அந்த உயரத்தில் அது சகஜம்.

பயப்பட வேண்டியவை வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், சளியில் நுரையோ ரத்தச் சாயலோ தெரிவது, இவையெல்லாம் நுரையீரலில் நீர் கோர்ப்பதன் அடையாளம். பேச்சு குழறுவது, ஆள் குழம்புவது, குடித்தவர் மாதிரி தள்ளாடுவது மூளை வீக்கத்தின் அடையாளம். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு காட்டி, குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் உடனே உதவி கூப்பிட்டுக் கீழே இறக்குங்கள். இறங்குவதுதான் முதல் மருந்து. அவன் "எனக்கு ஒன்றுமில்லை, விடும்மா" என்பான், அந்த நிலைமையில் அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

டயாமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைட், உயர நோயைத் தடுக்க டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற நல்ல மருந்துதான். ஆனால் அது வாடா என்கிற உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. சுற்றுலாப் பயணி போடலாம், பந்தயக்காரர் முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்காமல் போடக்கூடாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில் பட்டியலையெல்லாம் பார்க்காதீர்கள், டாக்டர் சொல்வதைக் கொடுங்கள், பந்தயம் போனால் போகட்டும்.

கேள்வி: சைக்கிளில் என்ன மாற்ற வேண்டும்?
- வெருலம் வாசகர்

பதில்: முன் செயின்ரிங்கை, அதாவது பெடலோடு சுற்றுகிற பல்சக்கரத்தை, சின்னதாக்குங்கள். இங்கே 34 பல் ஓட்டுகிறவர் 30-க்கு வரலாம், கால் பலமில்லாதவர் 28-க்கும் வரலாம். மேலே வெறும் பலத்தால் அமுக்கி ஏறினால் மூச்சு போய்விடும்.

டயர்க் காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டர்பனில் 22 பிஎஸ்ஐ வைத்த அதே டயர் 3100 மீட்டர் உயரத்தில் கேஜில் 26 பக்கம் காட்டும், சரளையில் துள்ளும். குளிர் அதைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் முழுதாகச் சரிக்கட்டாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படாமல் ஒரு நல்ல டிஜிட்டல் கேஜ் எடுத்துப் போய், பந்தயத்தன்று காலையில் வெளியே அந்தக் குளிரிலேயே வைத்து அளந்து சரிசெய்யுங்கள். அதிர்வு தாங்குகிற முன் ஃபோர்க்கின் காற்றையும் அங்கே போய் ஒருமுறை பாருங்கள். பிரேக் பேடு புதிதாகப் போட்டால் இங்கேயே தேய்த்துப் பழக்கிவிட்டுக் கொண்டுபோங்கள், கொலம்பைனிலிருந்து இறங்குவது நீண்ட இறக்கம். ஜெர்சி பைக்குள் காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஆறேழு டிகிரி குறையும், வியர்வையோடு உச்சியிலிருந்து இறங்கும்போது நடுக்கம் எடுத்தால் பிரேக் பிடிக்கக் கை வராது. வெயிலும் மேலே கடுமையாக அடிக்கும், கழுத்தின் பின்பக்கமும் காதுமடலிலும் சன்ஸ்கிரீன் தடவ மறக்காதீர்கள்.