வாசகர் கேள்வி – பதில்: கட்டுமரமும் கற்றமரானும்

கேள்வி: நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் ஏறும், இரண்டு வள்ளங்களைச் சேர்த்தது போன்ற படகைக் ‘கற்றமரான்’ என்கிறார்கள். நமது கட்டுமரம்தானா அது? – ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: சொல் நம்முடையது, படகு நம்முடையதல்ல.

கட்டுமரம் வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டும் மரம் மூன்றும் அதற்குள் அடங்கும். மீனவருக்கு மூன்றுமே பொருந்தும், ஏனென்றால் கட்டுவது ஒருமுறையோடு முடிகிற வேலையல்ல. பாரமில்லாத மரக்குற்றிகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்குவார்கள். ஆணி அடிப்பதில்லை. அலையில் குற்றிகள் சற்று அசைந்து கொடுக்க வேண்டும். ஆணியென்றால் துளை பெருத்துக் கழன்றுவிடும், உப்புநீரில் துருவும் பிடிக்கும். கட்டுத் தளர்ந்தாலும் ஆபத்துத்தான்: குற்றிகள் ஒன்றோடொன்று உரசிக் கயிறு தேய்ந்து அறும். ஏறிய தண்ணீர் இடைவெளியால் வடிந்துவிடுவதால் இறைக்கும் வேலை இல்லை. ஆனால் மரம் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். அதனால்தான் கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவிடுவது. காயாத மரம் தாழ்ந்து மிதக்கும், துடுப்புக்கும் இழுபடாது.

சோழமண்டலக் கரையில் இதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, 1697இல் வெளியான தன் பயண நூலில் ‘கற்றமரான்’ என்றே எழுதினார். அவர் சொன்னது மரக்குற்றி மிதவையைத்தான். 1804இல் பிரான்சின் புலோன் துறைமுகத்தைத் தாக்கப் பிரித்தானியக் கடற்படை அனுப்பிய வெடிமிதவைகளுக்கும் இதே பெயர்தான்.

இரட்டை உடல் அமைப்பு பசுபிக் தீவினரின் பழைய கைத்திறன். 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரிலிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டி, நியூயோர்க் போட்டியில் மற்றவற்றை முந்தினார். அவ்வகைப் படகுகளுக்கு இந்தப் பெயர் நிலைத்தது அதன் பின்தான். ஆகவே நிலாவெளிப் படகைக் கட்டுமரம் என்று எழுதாதீர்கள். இரட்டை உடல் படகு என்றால் போதும். ஒருபக்க மிதவை பூட்டிய சிங்கள மீனவரின் ஓருவும் வேறு வகை. வெளிநாட்டார் எழுத்தில் அதையும் கற்றமரான் என்று குழப்பியிருப்பதைக் காணலாம்.

கேள்வி: பழைய ஆங்கில அகராதியில் இச்சொல்லுக்குச் ‘சண்டைக்காரி’ என்றும் பொருள் இருக்கிறதே? – அதே வாசகர்

பதில்: உண்மைதான். 19ஆம் நூற்றாண்டில் அப்படியும் வழங்கியது. முதல் அசை ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லாக ஒலிப்பதால் ஏற்பட்ட பொருள் என்பது பொதுவான விளக்கம். கட்டுமரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.