பென் டெஸ்ட் இருக்கும்போது ரெட் டீம் எதற்கு?

"வருஷா வருஷம் பென் டெஸ்ட் செய்கிறோம், அப்புறம் ரெட் டீம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பென் டெஸ்டில், அதாவது ஊடுருவல் சோதனையில், குறிப்பிட்ட ஒரு செயலியிலோ சர்வரிலோ என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று தேடுவார்கள். ரெட் டீம் என்பது நிஜத் தாக்குதல்காரர்களைப் போலவே நடந்து சோதிக்க நீங்கள் அமர்த்தும் குழு; அவர்களுக்கு 'சம்பளப் பட்டியலை எடு' என்பது போல ஒரே இலக்கைக் கொடுத்துவிட்டால், போலி மெயில் அனுப்பியோ, ஊழியர் பின்னாலேயே கதவுக்குள் நுழைந்தோ, வாரக்கணக்கில் பொறுமையாக வேலை செய்வார்கள், உங்கள் கண்காணிப்புக் குழுவுக்குப் பொதுவாக முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். உள்ளே வந்தார்களா என்பதைவிட, வந்ததை நீங்கள் எத்தனை மணி நேரத்தில் கவனித்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் அனுமதியை எழுத்தில் வாங்காமல் தொடங்காதீர்கள். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவாவில், மாநில நீதித்துறை நிர்வாகமே அமர்த்திய இரண்டு சோதனையாளர்கள் நள்ளிரவில் டல்லாஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்றத்துக்குள் நுழைந்தார்கள், அலாரம் அடித்தது, போலீஸ் வந்ததும் அனுமதிக் கடிதத்தைக் காட்டினார்கள். கட்டடம் கவுண்டிக்குச் சொந்தம், மாநிலம் அனுமதி தர முடியாது என்று கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரீஃப் அவர்களைக் கைது செய்துவிட்டார். வழக்கு 2020 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது. அதனால் கட்டடம் யாருடையது, சர்வர் யாருடையது என்று பார்த்து அவரவரிடமே கையெழுத்து வாங்குங்கள், ராத்திரி 2 மணிக்கும் போனை எடுக்கிற ஒருவருடைய எண்ணையும் கடிதத்தில் போடுங்கள்.