செகோவியா தொடாம விட்டது

கேள்வி: கிளாசிக்கல் கிட்டார்னா செகோவியா ஒருத்தர்தானே? ப்ரீம், வில்லியம்ஸ் எல்லாம் அவர் போட்ட பாதையில நடந்தவங்க, அவ்வளவுதானே சார்?

பதில்: இல்லைங்க. பாதிதான் சரி.

கிட்டாருக்குப் பெரிய மேடை வாங்கிக் குடுத்தது ஸ்பெயின்காரர் அந்த்ரேஸ் செகோவியாதான், அதை யாரும் மறுக்க முடியாது. தனி வயலினுக்கு பாக் எழுதின சக்கோன்ங்கிற பெரிய பீஸை 1935ல பாரிஸ்ல கிட்டார்ல வாசிச்சுக் காட்டினார். அப்ப குடல் நரம்புக் கம்பிதான், எப்ப அறுந்துபோகும்னே சொல்ல முடியாது, 1940கள்ல நியூயார்க்ல ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் கம்பி செஞ்சப்ப அதை மாட்டிக்கிட்டு ஊர் ஊரா கொண்டுபோனவரும் அவர்தான்.

ஆனா அவர் எதைத் தொடலைன்னும் பாக்கணும்ல? 1933ல ஃப்ராங்க் மார்ட்டின் அவருக்காகவே நாலு சின்ன பீஸ் எழுதினார், செகோவியா வாசிக்கல, பின்னாடி அதை எடுத்து வாசிச்சு உயிர் குடுத்தது இங்கிலாந்து கிட்டார்காரர் ஜூலியன் ப்ரீம். பராகுவேல பிறந்த கிட்டார்காரர் அகஸ்டின் பாரியோஸ் கிட்டாருக்கு அவ்வளவு எழுதிட்டு 1944ல இறந்துபோயிட்டார், அவரை உலகம் திரும்பிப் பாத்தது 1977ல ஜான் வில்லியம்ஸ் ஒரு முழு ரெக்கார்டு அவருக்கே ஒதுக்கினப்புறம்தான், அந்த வில்லியம்ஸ் செகோவியாகிட்டயே பாடம் கேட்டவர். நீங்க நிச்சயம் கேட்டிருக்கிற அரன்ஹுவேஸ் கான்சர்ட்டோ, ஆர்கெஸ்ட்ராவோட கிட்டார் வாசிக்கிற பீஸ், அதைக்கூட 1940ல பார்சிலோனால முதல்ல வாசிச்சவர் ரெஹினோ சைன்ஸ் தெ லா மாஸா. இவங்களைப் போய் பின்னாடி நடந்தவங்கன்னு சொல்றது நியாயமே இல்ல.

ப்ரீமைப் பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும். அவருக்காக 1963ல இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதினது நாக்டர்னல்ங்கிற கிட்டார் பீஸ். வழக்கமா மெட்டை முதல்ல வாசிச்சுட்டு அப்புறம் அதை விதவிதமா மாத்துவாங்க, இதுல அப்படியே தலைகீழ், தூக்கம் வராம புரள்ற மாதிரி துண்டு துண்டா வந்துக்கிட்டே இருக்கும், கடைசிப் பகுதியில அடிக்குரல்ல இறங்கி வர்ற ஒரே வரி விடாம திரும்பத் திரும்ப இடிக்கும், அது தணிஞ்ச பிறகுதான் நானூறு வருஷத்துக்கு முந்தின லூட் கலைஞர் ஜான் டௌலண்டோட பழைய பாட்டு முழுசா வெளிய வரும், தூக்கத்தை வா வான்னு கூப்பிடற பாட்டு அது, முடிவுகூட இல்லாம தேய்ஞ்சு நின்னுடும். ப்ரீம் லூட்டும், அதாவது கிட்டார் மாதிரி ஒரு பழைய கம்பி வாத்தியம், வாசிச்சவர், டௌலண்ட் அவர் விரல்லயே இருந்தவர். வலது கையை பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பியைக் கட்டியிருக்கிற கட்டை பக்கம், நகத்தினா சத்தம் கூரா, மெலிசா வரும், விரல்பலகைப் பக்கம் கொண்டுபோனா கனிஞ்சு வரும், ஒரே வரியை இப்படி ரெண்டு குரலா பேச வைப்பார். இந்த மாதிரி இசையை செகோவியா கேட்டு வாங்கல, ப்ரீம் கேட்டு வாங்கினார்.

இன்னொரு பேரு உங்க கேள்வியிலயே இல்ல, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். இடா ப்ரெஸ்தி. பிரான்ஸ் நாட்டு கிட்டார் கலைஞர் அவங்க, நிறைய பேர் நகத்தோட இடது ஓரத்தால மீட்டினப்ப அவங்க வலது ஓரத்தால மீட்டினாங்க, அந்தக் கனமான நாதத்துக்கு அதுவும் ஒரு காரணம். புருஷன் அலெக்சாந்தர் லாகோயாவோட சேர்ந்து வாசிச்சப்ப ரெண்டு கிட்டார் ஒரே மூச்சா கேக்கும், அந்த ஜோடிக்காகவே பலபேர் புதுசா எழுதினாங்க. 1967ல, 42 வயசுல போயிட்டாங்க. ரெக்கார்டு கிடைக்குது, இன்னிக்கு ராத்திரியே கேளுங்க.